ஆப்பிள் வீடியோ கேம்களில் இன்னும் நிறையப் பணம் போட வேண்டுமா?

கேள்வியைச் சுருக்கிச் சொன்னால் இதுதான்: ஆப்பிளிடம் பணத்துக்குப் பஞ்சமில்லை, சிப்பும் சொந்தமாகச் செய்கிறார்கள், ஐபோன் வைத்திருப்பவர்கள் கோடிக்கணக்கில் இருக்கிறார்கள். அப்படியிருக்க, மைக்ரோசாஃப்ட் மாதிரி ஒரு பெரிய கேம் நிறுவனத்தை வாங்கிக்கொண்டு முழுமூச்சாக இறங்க வேண்டியதுதானே? கேட்டவர் கடைசியில் இன்னொரு வரியும் சேர்த்திருந்தார். நண்பர்கள் சேர்ந்து ஆடும் கேம்களில் பாதிக்கு மேல் தன் மேக்புக்கில் ஓடுவதில்லையாம். எனக்கு அந்த வரிதான் உண்மையான கேள்வியாகப் படுகிறது. இவ்வளவு நல்ல இயந்திரத்துக்கு ஏன் கேம் வருவதில்லை என்பது தெரிந்துவிட்டால், பணம் போடலாமா, எதில் போடலாம் என்பதற்கும் பதில் கிடைத்துவிடும்.

நான் பதினாறு வருடமாக போர்ட்டிங் வேலையில் இருக்கிறேன். அதாவது, ஒரு கருவிக்காக எழுதிய கேமை இன்னொரு கருவியில் ஓட வைக்கும் வேலை. பங்குச்சந்தைக் கணக்கில் எனக்குப் பயிற்சி கிடையாது. ஆப்பிள் பங்கை வாங்கலாமா என்பதற்கு இதில் விடை தேட வேண்டாம். கேம் செய்கிறவர்கள் எதை நம்பி ஒரு தளத்துக்கு வருகிறார்கள், எதனால் விலகிப் போகிறார்கள் என்பதைப் பக்கத்திலிருந்து பார்த்திருக்கிறேன். அதை வைத்துச் சொல்கிறேன்.

முதலில் சந்தேகமே இல்லாத விஷயம். ஆப்பிள் ஏற்கெனவே கேமில்தான் சம்பாதித்துக்கொண்டிருக்கிறது. ஃபோர்ட்நைட் கேமைச் செய்த எபிக் நிறுவனம் தொடுத்த வழக்கில் 2021 செப்டம்பரில் வந்த தீர்ப்பைப் படித்தால் தெரியும். ஆப் ஸ்டோர் வருமானத்தில் சுமார் 70 சதவீதம் கேம்களிலிருந்து வருகிறது, அந்தப் பணத்தைக் கொடுப்பவர்கள் ஆப் ஸ்டோர் பயனர்களில் 10 சதவீதத்துக்கும் குறைவு என்று நீதிபதி பதிவு செய்திருக்கிறார். கேமுக்குள்ளே நாணயம், வைரம், புது உடை என்று வாங்குகிறார்களே, அதில் வழக்கமாக 30 சதவீதம் ஆப்பிளுக்கு. வருடத்துக்கு பத்து லட்சம் டாலருக்குள் சம்பாதிக்கும் சிறியவர்களிடம் 2021 முதல் 15 சதவீதம். இந்த வருமானத்துக்காக ஆப்பிள் ஒரு கேமைக்கூடத் தானே உருவாக்க வேண்டியிருக்கவில்லை. ஒரு பெரிய கேமுக்கு ஐந்து வருடம் காத்திருக்க வேண்டும், அப்புறமும் அது ஓடுமா என்று தெரியாது. வாடகை தானாக வந்துகொண்டிருக்கும்போது, அந்த ஐந்து வருடக் காத்திருப்புக்காக நிறுவனத்துக்குள் வாதாடுகிறவர் எவ்வளவு பேசிப் பார்த்தாலும் எடுபடாது. இந்தக் கடைசி வாக்கியம் என் ஊகம்; மற்றது பதிவில் இருப்பது.

ஆப்பிளுக்குக் கேம் அறியாத விஷயம் என்று சொல்வது சரியல்ல. அட்டாரி என்ற கேம் நிறுவனத்துக்காக பிரேக்அவுட் கேமின் பலகையை வடிவமைத்தவர், ஆப்பிளை நிறுவியவர்களில் ஒருவரான வோஸ்னியாக். பிறகு ஆப்பிள் 2 கணினியைச் செய்தபோது, அதே பிரேக்அவுட்டை பேசிக் என்ற நிரல் மொழியில் எழுதி ஆட முடிய வேண்டும் என்பதற்காகவே வண்ணம், ஒலி, கைப்பிடி இணைப்பு எல்லாம் சேர்த்ததாக அவரே சொல்லியிருக்கிறார். அங்கிருந்து பாதை எப்படியோ விலகிவிட்டது. 1996-ல் பண்டாய் நிறுவனத்துடன் சேர்ந்து பிப்பின் என்ற கேம் கருவி வந்தது. அமெரிக்காவில் விலை 599 டாலர். மொத்தமே சுமார் 42,000 விற்று, அடுத்த வருடமே மூடிவிட்டார்கள். 1999 ஜூலையில் ஸ்டீவ் ஜாப்ஸ் மேக்வேர்ல்ட் மேடையில் நின்று ஹேலோ என்ற புதிய கேமை அறிமுகப்படுத்தினார். ஒரு வருடத்துக்குள் அதைச் செய்த பஞ்சி நிறுவனத்தை மைக்ரோசாஃப்ட் வாங்கிவிட்டது. 2001 நவம்பரில் வந்த மைக்ரோசாஃப்டின் கேம் கருவியான எக்ஸ்பாக்ஸை வீடுவீடாகக் கொண்டுபோய்ச் சேர்த்தது அதே ஹேலோதான். கை வரை வந்த கேம் போன கதை அது.

சரி, பெரிய நிறுவனங்கள் பணத்தோடு உள்ளே வந்தால் என்ன ஆகிறது? மூன்று பேர் வந்து நமக்குக் காட்டிவிட்டார்கள். கூகுள் 2019 நவம்பரில் ஸ்டேடியாவைத் தொடங்கியது. கேம் கூகுளின் கணினியில் ஓடும், படம் மட்டும் இணையத்தில் நம் திரைக்கு வரும். தொழில்நுட்பம் உண்மையிலேயே வேலை செய்தது. சொந்த ஸ்டுடியோக்களும் ஆரம்பித்தார்கள். 2021 பிப்ரவரியில், அந்த ஸ்டுடியோக்கள் தொடங்கிய பெரிய கேம் எதுவும் வெளிவருவதற்கு முன்பே, அவற்றை மூடுவதாக அறிவித்தார்கள். 2023 ஜனவரி 18-ல் சேவையே நின்றது. வாங்கிய கேம்களுக்கும் கருவிகளுக்கும் பணத்தைத் திருப்பிக் கொடுத்தார்கள், அதை மதிக்கிறேன். ஆனால் நாற்று நட்ட இரண்டாம் வாரம் கதிர் எங்கே என்று கேட்டால் எந்த வயலும் பதில் சொல்லாது. அமேசான் கதையும் ஏறக்குறைய இதுவே: க்ரூசிபிள் என்ற கேம் 2020 மே மாதம் வெளியானது, சில வாரங்களில் பொதுமக்களிடமிருந்து திரும்பப் பெறப்பட்டது, அக்டோபரில் கைவிடப்பட்டது.

மைக்ரோசாஃப்டின் கதை வேறு மாதிரி, அதனால் அதில் கற்க நிறைய இருக்கிறது. எக்ஸ்பாக்ஸ் ஆரம்ப வருடங்களில் நஷ்டம்தான். 2007-ல் எக்ஸ்பாக்ஸ் 360 கருவிகள் சிவப்பு விளக்கு எரிந்து செத்துக்கொண்டிருந்தபோது, உத்தரவாதத்தை மூன்று வருடமாக நீட்டி, அதற்காக நூறு கோடி டாலருக்கு மேல் ஒதுக்கினார்கள். விளையாடுகிறவர்கள் இன்றுவரை அதை நினைவில் வைத்திருக்கிறார்கள். அப்படிச் சம்பாதித்த நம்பிக்கை அது. அப்புறம் வந்தது வாங்கும் காலம். ஆக்டிவிஷன் பிளிசார்ட் நிறுவனத்தை 6,870 கோடி டாலருக்கு வாங்குவதாக 2022 ஜனவரியில் அறிவித்து, 2023 அக்டோபரில் முடித்தார்கள். 2024 ஜனவரியில் கேம் பிரிவில் 1,900 பேருக்கு வேலை போனது. அதே வருடம் மே மாதம் டாங்கோ கேம்வொர்க்ஸ் ஸ்டுடியோவை மூடுவதாக அறிவித்தார்கள். ஹை-ஃபை ரஷ் என்ற அழகான கேமைச் செய்த ஜப்பானியக் குழு அது. கேம் வெளிவந்து ஒன்றரை வருடம்கூட ஆகவில்லை, எல்லோரும் கொண்டாடிய கேம். நல்லவேளையாக கிராஃப்டன் என்ற கொரிய நிறுவனம் அவர்களை எடுத்துக்கொண்டது. 2025 ஜூலையில் பெர்ஃபெக்ட் டார்க் கேமும், அதைச் செய்துகொண்டிருந்த தி இனிஷியேட்டிவ் ஸ்டுடியோவும் போயின.

இந்தத் தொழிலில் இருக்கும் எனக்கு இவை வெறும் செய்திகளாகத் தெரிவதில்லை. ஒரு கேம் குழு என்பது பத்து வருடம் சேர்ந்து வேலை செய்து பழகிய கைகள். ஒருவர் குதிக்கும் அசைவைச் செய்வார், இன்னொருவர் அந்தக் குதிப்பு முடியும் நொடியில் வரும் ஒலியைச் செய்வார். எந்த இடத்தில் ஒலி கொஞ்சம் முந்தி வரவேண்டும் என்பது அவர்கள் இருவருக்குள் இருக்கும் பழக்கம், எந்த ஆவணத்திலும் எழுதியிருக்காது. நிறுவனத்தை வாங்கலாம், பெயரை வாங்கலாம். அந்தப் பழக்கம் கலைந்துவிட்டால் திரும்பச் சேர்ப்பது மிகவும் கடினம். அதனால்தான், ஆப்பிள் ஒரு பெரிய கேம் நிறுவனத்தை வாங்க வேண்டுமா என்று கேட்டால் வேண்டாம் என்பேன். பணம் இல்லாமல் இல்லை. 2024 மே மாதத்தில் தன் சொந்தப் பங்குகளைத் திரும்ப வாங்க 11,000 கோடி டாலர் வரை செலவிட ஆப்பிள் முடிவெடுத்தது. அதில் ஆக்டிவிஷனையே வாங்கி மிச்சமும் இருந்திருக்கும். அந்த அளவு பணம் இருந்தும் நிரம்பாத குறை வேறொன்று.

அது என்னவென்று சொல்ல, ஒரு போர்ட்டிங் வேலையைக் கிட்டத்தில் காட்டுகிறேன். சில வருடங்களுக்கு முன் ஒரு கார் பந்தய கேமை மேசைக் கணினியிலிருந்து போனுக்குக் கொண்டுவந்தோம். முதல் ஐந்து நிமிடம் வழுக்கிக்கொண்டு ஓடியது. பன்னிரண்டாவது நிமிடத்தில் போனின் முதுகு சுட ஆரம்பித்தது. சூடு ஏறினால் சிப் தன்னைக் காப்பாற்றிக்கொள்ள வேகத்தைக் குறைக்கும். நொடிக்கு 60 படம் வரைந்துகொண்டிருந்தது 38-க்கு இறங்கியது. வளைவில் கார் திரும்பும்போது கைக்கும் கண்ணுக்கும் நடுவில் ஏதோ அறுந்த மாதிரி இருந்தது. நொடிக்கு 60 படம் என்றால் ஒரு படத்துக்கு 16.6 மில்லிசெகண்ட்தான் கிடைக்கும். எங்கே செலவாகிறது என்று தேடினால், வெளிச்சத்தைக் கணக்கிட நாங்கள் நான்கு இடைப்படங்களை வரைந்து, நினைவகத்தில் எழுதி, திரும்ப அங்கிருந்து எடுத்துக்கொண்டிருந்தோம். மேசைக் கணினியின் கிராஃபிக்ஸ் அட்டைக்கு அது பழக்கமான வேலை. போன் சிப் அப்படி இயங்காது. ஆப்பிள் சிப்பும் இதே குடும்பம்தான். திரையைச் சின்னச் சின்னக் கட்டங்களாகப் பிரித்து, ஒரு கட்டத்தைச் சிப்புக்குள்ளேயே வைத்து முடித்துவிட்டு அடுத்ததற்குப் போகும். நினைவகத்துக்குப் போய்வரும் ஒவ்வொரு பயணமும் மின்சாரம், மின்சாரம்தான் சூடு. அந்த நான்கு படங்களும் கட்டத்துக்குள்ளேயே பிறந்து அங்கேயே மறையும்படி மாற்றி எழுதினோம். மூன்று வாரம் ஆனது. அதன் பிறகு அரை மணி நேரம் ஆடியும் போன் வெதுவெதுப்பைத் தாண்டவில்லை.

இந்த மாதிரி மூன்று வார வேலைகள் இருபது சேர்ந்ததுதான் ஒரு போர்ட். அந்தச் செலவைச் செய்யலாமா என்று தீர்மானிக்கும் கூட்டத்தில் எப்போதும் இரண்டு கேள்விகள்தான் எழும். எத்தனை பேர் வாங்குவார்கள்? வெளியிட்ட பிறகு இது எத்தனை வருடம் ஓடும்? முதல் கேள்வியை எல்லோரும் பேசுகிறார்கள். இரண்டாவதைப் பற்றி வெளியே யாரும் பேசுவதில்லை, ஆனால் சிறிய குழுக்களைத் தடுப்பது பெரும்பாலும் அதுதான். விண்டோஸில் 2005-ல் வாங்கிய கேம் இன்றும் பெரும்பாலும் ஓடுகிறது. மேக்கில் 2018-ல், கேம்கள் படம் வரையப் பயன்படுத்தும் ஓப்பன்ஜிஎல்லைக் கைவிடப்போகும் பட்டியலில் சேர்த்தார்கள். 2019-ல் வந்த கேட்டலினா என்ற மேக் இயங்குதளப் பதிப்போடு, பழைய வகையில் எழுதிய 32-பிட் மென்பொருள்கள் எல்லாம் ஒரே நாளில் நின்றுபோயின. அந்த நூற்றுக்கணக்கான பழைய கேம்களில் பலவற்றைச் செய்தவர்கள் எப்போதோ கலைந்து போயிருந்தார்கள். திருத்த ஆளே இல்லை. ஆப்பிளின் பக்கம் நியாயம் இருக்கிறது, பழைய சுமையை இறக்கியதால்தான் சொந்தச் சிப்புக்கு அவ்வளவு சுலபமாக மாற முடிந்தது. வங்கிச் செயலியை வருடாவருடம் புதுப்பிக்கலாம், அதற்கு ஆட்கள் இருக்கிறார்கள். கேம் அப்படியில்லை. செய்து முடித்த கேம் ஒரு புத்தகம் மாதிரி அலமாரியில் இருக்கும். யாராவது பத்து வருடம் கழித்து எடுத்துத் திறப்பார்கள்.

கருவி தயாராக இல்லை என்று இப்போது யாரும் சொல்ல முடியாது. 2023 ஜூனில் ஆப்பிளின் கேம் போர்ட்டிங் டூல்கிட் வந்தது. விண்டோஸ் கேமை எதுவும் மாற்றாமல் மேக்கில் போட்டுப் பார்க்கலாம். பழைய நாட்களில் முதல் படம் திரையில் தெரியவே மாதக்கணக்கில் ஆகும், இப்போது ஒரு சாயங்காலத்தில் தெரிந்துவிடுகிறது. அதே வருட செப்டம்பரில் ஐபோன் 15 ப்ரோ வந்தபோது ரெசிடென்ட் ஈவில், அசாசின்ஸ் க்ரீட், டெத் ஸ்ட்ராண்டிங் எல்லாம் போனிலேயே வரும் என்றார்கள், வந்தன. 2024 அக்டோபரில் மேக்கின் குறைந்தபட்ச நினைவகத்தை 8 ஜிபியிலிருந்து 16 ஆக உயர்த்தினார்கள். பெரிய கேம்களுக்கு இது விளம்பரங்களை விடப் பெரிய உதவி. பால்டர்ஸ் கேட் 3 கணினியில் வந்த அடுத்த மாதமே மேக்கில் வந்தது. சைபர்பங்க் 2077 கணினியில் 2020 டிசம்பரிலும் மேக்கில் 2025 ஜூலையிலும் வந்தது. இந்த இரண்டுக்கும் நடுவில் உள்ள தூரம்தான் இன்றைய நிலை.

இதோடு, ஸ்டீம் என்ற கேம் கடையை நடத்தும் வால்வ் நிறுவனத்தை வைத்துப் பாருங்கள். லினக்ஸில் கேம் ஆடுகிறவர்கள் விரல்விட்டு எண்ணும் அளவில் இருந்த 2018-ல் விண்டோஸ் கேமை லினக்ஸில் ஓட வைக்கும் புரோட்டான் என்ற மொழிபெயர்ப்பு அடுக்கை வெளியிட்டார்கள். அது ஆடுகிறவர் கையில் நேராகப் போனது: கேம் செய்தவர் ஒன்றும் செய்ய வேண்டாம், வாங்கியவர் பொத்தானை அழுத்தினால் ஓடும். நான்கு வருடம் மெருகேற்றி 2022-ல் அதை வைத்து ஸ்டீம் டெக் என்ற கையடக்க கேம் கருவியை விற்றார்கள். ஆப்பிளின் டூல்கிட் அடிப்படையில் அதே வேலையைச் செய்கிறது, ஆனால் கேம் செய்கிறவர்கள் சோதித்துப் பார்க்கக் கொடுக்கப்பட்டது. ஆடுகிறவர்களுக்கான வாசல் ஆகவில்லை. கேள்வி கேட்டவரின் மேக்புக்கில் கேம் ஓடாததற்கு மிகப் பெரிய காரணம் இதுதான் என்று நான் நினைக்கிறேன். இன்னொன்றும் உண்டு. நண்பர்களோடு ஆடும் போட்டி கேம்கள் பலவற்றில் ஏமாற்றுத் தடுப்பு மென்பொருள் இயங்குதளத்தின் அடிமட்டம் வரை நுழைய வேண்டும். மேக் அந்தக் கதவை மூடி வைத்திருக்கிறது. பாதுகாப்பை நினைத்தால் அதைக் குறை சொல்ல எனக்கு மனம் வரவில்லை.

ஆகவே ஆப்பிள் கேமில் இன்னும் முதலீடு செய்ய வேண்டும் என்பதே என் பதில். போட வேண்டிய இடம் மட்டும் வேறு. பொறியாளர்களை அனுப்பி கேம் குழுக்களோடு மாதக்கணக்கில் உட்கார வையுங்கள். அந்த மூன்று வார வேலையை மூன்று நாளாக்கும் ஆள் பக்கத்தில் இருந்தால் போர்ட் கூட்டத்தின் கணக்கே மாறும். மொழிபெயர்ப்பு அடுக்கை ஆடுகிறவர்களுக்கே திறந்துவிடுங்கள். எல்லாவற்றுக்கும் மேலாக, இன்று மேக்கில் வெளியிட்ட கேம் பத்து வருடம் கழித்தும் ஓடும் என்று எழுத்தில் சொல்லுங்கள், சொன்னபடி நடந்துகொள்ளுங்கள். ஒரு பெரிய நிறுவனத்தை வாங்கும் விலையில் பத்தில் ஒரு பங்குகூட இதற்கெல்லாம் ஆகாது என்பது என் மதிப்பீடு. ஆனால் தலைமை மாறினாலும் கைவிடாத பிடிவாதம் வேண்டும். 2019-ல் மாதக் கட்டணத்தில் கேம் ஆடும் ஆர்கேட் சந்தாவைத் தொடங்கியபோது அந்தப் பிடிவாதம் வந்துவிட்டது என்று நான் மகிழ்ந்தேன். இந்தியாவில் அப்போது மாதம் 99 ரூபாய், விளம்பரம் இல்லை, உள்ளே காசு கேட்பதில்லை. குழந்தைகள் கையில் நம்பிக் கொடுக்கக்கூடிய கேம்கள். 2022-ல் பதினைந்து கேம்களை அதிலிருந்து எடுத்தார்கள். சந்தா சேவையில் இது நடப்பதுதான், ஆனாலும் வாங்கி வைத்துக்கொள்ளும் வழியும் இருந்திருக்கலாம்.

நிச்சயமாகச் சொல்ல முடியாதவற்றையும் பிரித்துவிடுகிறேன். போனில் வந்த அந்தப் பெரிய கேம்களை முழு விலை கொடுத்து வாங்கியவர்கள் மிகக் குறைவு என்று 2024-ல் வெளி ஆய்வு நிறுவனங்கள் மதிப்பிட்டன. அவை மதிப்பீடுகள், ஆப்பிளோ கேம் நிறுவனங்களோ எண்ணிக்கையைச் சொல்லவில்லை. உண்மையாக இருந்தால், இலவச கேமுக்குப் பழகிய போன் பயனர் 50 டாலர் கொடுக்க மாட்டார் என்று ஒருவர் வாதிடலாம், அவரிடம் எனக்கு வலுவான மறுப்பு கிடையாது. என் நம்பிக்கை மேக்கின் மீதுதான் அதிகம், போன் மீது குறைவு. அப்புறம், ஆப் ஸ்டோர் கமிஷன் வழக்குகள் முடிந்தபாடில்லை. 2025 ஏப்ரலில் எபிக் வழக்கின் அதே நீதிபதி தன் உத்தரவை ஆப்பிள் மீறியதாகத் தீர்ப்பளித்தார், மே மாதம் அமெரிக்காவில் ஃபோர்ட்நைட் ஆப் ஸ்டோருக்குத் திரும்ப வந்தது. கமிஷன் வருமானம் குறைந்தால் ஆப்பிள் கேம்களை விட்டு இன்னும் விலகுமா, அல்லது தானே நல்ல கேம் கொண்டுவர வேண்டிய கட்டாயம் வருமா? இரண்டுக்கும் இடம் இருக்கிறது.

2025-ல் வந்த ஒரு செய்தியை மட்டும் நான் மிகவும் கவனித்தேன். இன்டெல் காலத்து மென்பொருளைப் புதிய சிப்பில் ஓட வைக்கும் ரொசெட்டாவை மேக்ஓஎஸ் 27 வரைதான் முழுதாக வைத்திருப்பார்கள். அதன் பிறகு எடுத்துவிடுவார்கள், ஆனால் ஒரு பகுதியை மட்டும் விட்டுவைப்பார்கள். செய்தவர்கள் பராமரிக்காமல் விட்ட பழைய கேம்களுக்காக. 2019-ல் 32-பிட் கேம்களை அணைத்த அதே நிறுவனம் இப்போது இதை எழுதி வைத்திருக்கிறது. உங்கள் மேக்புக்கில் இப்போது இன்டெல் காலத்து கேம் ஏதாவது இருந்தால் அழித்துவிடாதீர்கள். மேக்ஓஎஸ் 28 வரும் நாளில் அதைத் திறந்து பாருங்கள். நானும் என்னுடையதைத் திறந்து பார்ப்பேன்.